நாற்காலி, கழிப்பறை, சம்பளம்: கடை ஊழியர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கிறேன். வாடிக்கையாளர் இல்லாதபோதும் உட்காரக் கூடாது என்கிறார்கள். இது சரியா அண்ணா?

பதில்: சரியில்லை அம்மா. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கடையில் எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம். கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் ‘பெண்கூட்டு’ என்று திரண்டு, முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு நாற்காலிக்காகவும் போராடினார்கள். அந்த வரிசையைக் கவனியுங்கள். கழிப்பறைக்கு அனுப்ப மாட்டார்களே என்று தண்ணீர் குடிக்காமலே நாளைக் கடத்தும் பெண்களுடன் நான் வேலை பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய் வேலையில் திருப்தியா என்று கேட்க எனக்கு வாய் வராது.

கேள்வி: கடை என்னுடையது. இரண்டு முறை சம்பளத்தை உயர்த்தியும் ஆட்கள் தங்குவதில்லை. என்ன குறை?

பதில்: சம்பளம் உயர்த்தியது நல்லது, அதைக் குறைத்துவிடாதீர்கள். ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர், பிட்ஸ்பர்க் பகுதியின் பொறியாளர்களும் கணக்காளர்களுமாகச் சுமார் 200 பேரிடம் பேசி, 1959-இல் ஒரு முடிவை வெளியிட்டார். சம்பளம், பணியிட வசதி, மேலதிகாரியின் நடத்தை ஆகியவை சரியாக இருந்தால் மனக்குறை தீரும். மனநிறைவு வருவதோ செய்த வேலையிலிருந்தும், அதற்குக் கிடைக்கும் மதிப்பிலிருந்தும், பொறுப்பிலிருந்தும்தான் என்றார். இந்தப் பிரிவினையைப் பின்னால் பலர் மறுத்தார்கள். எனக்கும் அது முழுதாக ஒப்பவில்லை. எங்கள் தொழிலில் வாரவிடுப்பு கிடைப்பதே பெரிய மகிழ்ச்சி. ஆனாலும் உங்கள் கேள்விக்கு அதில் விடை இருக்கிறது. பட்டுப் பிரிவில் எட்டு ஆண்டு நின்றவருக்கு எந்த நிறம் விற்கும் என்பது தெரியும். கொள்முதலுக்குப் போகும்போது அவரை ஒருமுறையாவது அழைத்துப் போனீர்களா?

கேள்வி: வாடிக்கையாளர் முன்னிலையில் மேற்பார்வையாளர் திட்டுகிறார்.

பதில்: தவறை அறைக்குள் அழைத்துச் சொல்லும்படி முதலாளியிடம் கேளுங்கள். நானும் மேற்பார்வையாளனாக இருந்தவன். எல்லார் முன்னிலும் திட்டி யாரையும் திருத்தியதில்லை.

கேள்வி: நாற்காலி கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானது. தனியாகக் கேட்காதீர்கள், ஒரு தளத்தில் இருக்கும் எல்லாரும் சேர்ந்து எழுத்தில் கொடுங்கள். அசையவில்லை என்றால் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.