மழைக்கு முன் தெருச் சேமிப்பு: கேட்டதும் சொன்னதும்

வேளச்சேரியில் எங்கள் தெருவில் 22 வீடுகள், ஏறக்குறைய 80 பேர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு வருஷாவருஷம் சேர்ந்து பொருள் எடுத்துவைக்கிறோம். அந்தக் கணக்கைப் பார்ப்பவன் நான். வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

குடிதண்ணீர் எவ்வளவு வேண்டும் அண்ணா? (பள்ளிக்கரணை)

ஆளுக்கு நாளைக்கு 3 லிட்டர், மூன்று நாளுக்கு. எங்களுக்கு 720 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 36. இவ்வளவையும் ஒரே இடத்தில் அடுக்க யாரிடம் அறை இருக்கிறது? அதனால் வீட்டுக்கு இரண்டு நிறைந்த கேன், மழைக்காலம் முழுக்க. ஒன்றைத் திறந்தால் அன்றைக்கே அடுத்ததற்குச் சொல்லிவிட வேண்டும். குளிக்க, கழுவ இது ஆகாது. புயல் அறிவிப்பு வந்ததுமே மேல்தொட்டியை நிரப்பிவிடுங்கள், கரண்ட் போனால் மோட்டார் ஓடாது. சம்ப்புக்குள் வெள்ளம் இறங்கினால், இறைத்துக் கழுவி ப்ளீச்சிங் பவுடர் போடும்வரை அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள்.

அரிசி மூட்டையாக வாங்கிவைக்கலாமா சார்? (முடிச்சூர்)

வேண்டாம். 2023 மிக்ஜாம் புயலில் பட்டுத் தெரிந்துகொண்டோம். கீழ்த்தளத்து வீட்டில் இரண்டு மூட்டை வைத்திருந்தோம். தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தால் அரிசி ஊதி, சாக்குத் தையல் பிரிந்து, ஒரே புளித்த வாடை. இத்தனைக்கும் அரிசி எல்லார் வீட்டிலும் இருந்தது, பாலுக்குத்தான் அலைந்தோம். இப்போது மாடி வீட்டில் பால் பவுடர், அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பிஸ்கட்.

மீந்ததை என்ன செய்வது? அவலில் வண்டு விழுமே. (கடலூர்)

புரட்டாசியில் வாங்கி, பொங்கலுக்கு முன் வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்துவிடுவோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதானே. வெல்லம் பொங்கல் பானைக்கே போய்விடும்.

வாடகைக்கு இருப்பவர்களும் பணம் தரணுமா? (மடிப்பாக்கம்)

முடிந்தவர்கள் தரட்டும். முடியாதவர்களை நாங்கள் கேட்பதில்லை, தூக்க ஆள் வந்தால் போதும். அப்புறம், வசூலில் ஒரு பங்கைச் சின்ன நோட்டுகளாக வையுங்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயல் வந்தபோது பணமதிப்பு நீக்கம் வந்து ஒரு மாதம்தான். கையில் நோட்டும் இல்லை, கரண்ட் இல்லாததால் கார்டு மெஷினும் இல்லை.

அம்மா இன்சுலின் போடுகிறார்கள். ஃபிரிட்ஜ் ஓடாவிட்டால்? (தாம்பரம்)

எங்கள் பட்டியலில் முதல் வரியே இதுதான்: எந்த வீட்டில் இன்சுலின், எங்கே கைக்குழந்தை, யாரால் படி ஏற முடியாது. பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பெரும்பாலும் சில வாரம் வெளியே தாங்கும், எத்தனை நாள் என்று பெட்டியில் உள்ள தாளில் பாருங்கள். திறக்காததை வாய் அகன்ற ஃபிளாஸ்கில், ஐஸ் நேரே படாதபடி துணி சுற்றி வையுங்கள். உறைந்தால் வீண். டாக்டரிடம் மழைக்கு முன்பே பேசிவிடுங்கள்.

பொருள் வைத்திருக்கும் இடத்துச் சாவி யாரிடம் இருக்கும்? (பெருங்குடி)

மூன்று பேரிடம். முன்பு ஒரே ஒருவரிடம் இருந்தது. மழை கொட்டிய அன்று அவர் மதுரையில் கல்யாண வீட்டில். பூட்டை உடைத்தோம், சுத்தியலையும் பட்டியலில் சேர்த்தோம்.