மருத்துவ ஆப்பில் போட்ட விவரம் யார் யாருக்குப் போகிறது?

கேள்வி: குழந்தைக்காக ஒன்றரை வருடமாக சிகிச்சை எடுக்கிறோம். மாதவிடாய்த் தேதி, மாத்திரை, வலி எல்லாவற்றையும் போனில் ஒரு ஆப்பில் குறித்து வைப்பேன். போன மாதம் நாள் தள்ளிப்போனது, அதையும் குறித்தேன். இரண்டே நாளில் குழந்தைத் துணி, கர்ப்பிணிகளுக்கான சத்து பவுடர் என்று விளம்பரமாக வந்து கொட்டியது. பக்கத்தில் இருந்த மாமியார் பார்த்துவிட்டு, 'என்னம்மா, விசேஷமா?' என்று கேட்டார். மறுநாள் காலையிலேயே அது இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆப்தான் சொல்லிக்கொடுத்திருக்குமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: படித்ததும் மனசு கனத்துவிட்டது, சகோதரி. உங்கள் ஆப்தான் காரணம் என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல முடியாது. நாள் தள்ளியதைப் பற்றி இணையத்தில் தேடியிருந்தால் அதுவே போதும், விளம்பரம் வந்துவிடும். ஆனால் உங்கள் சந்தேகம் வீண் சந்தேகம் இல்லை. உலகம் முழுக்க 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பயன்படுத்திய 'ஃப்ளோ' என்ற மாதவிடாய் ஆப், விவரங்களை ரகசியமாக வைப்போம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஒரு பெண் கர்ப்பம் என்று குறித்த செய்தியை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பியது. 2019-இல் இது பத்திரிகையில் வந்ததும், எங்களிடம் கேட்காமல் எப்படிக் கொடுத்தீர்கள் என்று 300-க்கும் மேற்பட்ட பெண்கள் கொதித்துப்போய் அந்த நிறுவனத்துக்கே எழுதினார்கள். அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2021-இல் சமரசம் ஆனது. இனி அனுமதி கேட்காமல் பகிரக்கூடாது என்று கட்டளை, ஆனால் அபராதம் என்று ஒரு ரூபாய்கூட இல்லை.

டாக்டரிடம் பேசுகிற அதே நம்பிக்கையில்தான் நாம் ஆப்பிலும் எழுதுகிறோம். டாக்டருக்கு நோயாளியின் ரகசியத்தைக் காக்கிற கடமை இருக்கிறது, மீறினால் மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். இலவசமாகக் கிடைக்கிற ஒரு ஆப்புக்கு அப்படி ஒரு கவுன்சிலும் கிடையாது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: ஆப்பைப் போனிலிருந்து தூக்கிவிட்டால் மட்டும் போதாது, எழுதியதெல்லாம் அவர்கள் கணினியில் அப்படியே இருக்கும். முதலில் தேதிகளை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அப்புறம் செட்டிங்ஸில் போய்க் கணக்கையே அழியுங்கள், கடைசியில் ஆப்பை எடுங்கள். உங்கள் டாக்டருக்கு வேண்டியது அந்தத் தேதிகள்தான், நோட்டைக் காட்டினாலே போதும்.

கேள்வி: ஐடி வேலையில் இருக்கும் என் மகனுக்கு மனஅழுத்தம். கம்பெனியே ஒரு கவுன்சலிங் ஆப் கொடுத்திருக்கிறது. 'அதில் பேசினால் ஹெச்ஆருக்குத் தெரிந்துவிடும்' என்று தொடவே மாட்டேன் என்கிறான்.
- ஒரு தந்தை, கோயம்புத்தூர்

பதில்: ஐயா, தம்பி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நோயாளிகளிடம் பேசிப் பாருங்கள், எங்கோ இருக்கிற ஹேக்கரைவிட, மேனேஜருக்கும் சொந்தக்காரருக்கும் தெரிந்துவிடுமோ என்பதுதான் பெரிய கவலையாக இருக்கும். 'பெட்டர்ஹெல்ப்' என்ற அமெரிக்கக் கவுன்சலிங் நிறுவனம், உதவி தேடி வந்தவர்களின் மின்னஞ்சல் முகவரியையும் அவர்கள் நிரப்பிய கேள்வித்தாள் விவரங்களையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் வரை கொடுத்தது. 2023-இல் அதே அமெரிக்க வர்த்தக ஆணையம் 78 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. பின்லாந்தில் இன்னும் மோசம். 'வஸ்தாமோ' என்ற மனநல சிகிச்சை நிறுவனத்தில் திருடிய குறிப்புகளை வைத்துக்கொண்டு, 2020-இல் நோயாளிகளுக்கே நேராக மெயில் அனுப்பி, 200 யூரோ கொடு, இல்லாவிட்டால் நீ டாக்டரிடம் சொன்னதையெல்லாம் ஊருக்குக் காட்டுவேன் என்று மிரட்டினார்கள். அந்த மெயிலைத் திறந்தபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனாலும் சிகிச்சையை மட்டும் தள்ளிப்போட விடாதீர்கள். ஆபீஸ் ஆப் வேண்டாம் என்றால் விட்டுவிடட்டும், நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கட்டும். ஆப்தான் வசதி என்றால், எங்கள் கம்பெனிக்கு என் பெயரோடு என்ன போகும், வெறும் எண்ணிக்கையாக என்ன போகும் என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதுவே பதில். ஆபீஸ் மெயிலில் பதிவு செய்யாமல் சொந்த மெயிலில் செய்யட்டும். இன்னொன்று, மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஆப், பூட்டிய திரையிலேயே மருந்தின் பெயரைக் காட்டும். மீட்டிங்கில் மேஜைமேல் போன் மல்லாந்து கிடக்கும்போது அது மின்னினால் போதுமே, எந்த ஹேக்கரும் தேவையில்லை. செட்டிங்ஸில் அதை மறைத்துவிடலாம், ஒரு நிமிட வேலை.

கேள்வி: ஆஸ்பத்திரியில் ஆபா எண் கேட்கிறார்கள். கட்டாயமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கட்டாயமில்லை. ஆபா என்பது நம் மருத்துவ விவரங்களைச் சேர்த்து வைக்க மத்திய அரசு தருகிற சுகாதாரக் கணக்கு, அந்த 14 இலக்க எண் விருப்பப்பட்டால் எடுத்துக்கொள்வது. அது இல்லை என்பதற்காக வைத்தியம் மறுக்கக்கூடாது.

கேள்வி: வயது 68. எனக்கு இருப்பது சுகர். அதில் மறைக்க என்ன இருக்கிறது? வருகிற அனுமதிக்கெல்லாம் சரி என்று தட்டிவிடுகிறேன்.
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: உங்களுக்கு மறைக்க ஒன்றுமில்லாமல் இருக்கலாம் ஐயா. ஆனால் சுகர் அளவு எழுதுகிற ஆப்புக்கு உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்கள் எதற்கு? அவை உங்கள் பேத்தி, பால்காரர், பக்கத்து வீட்டம்மா எண்கள். அவர்கள் யாரும் சரி என்று தட்டவில்லையே.

எல்லாம் ஆங்கிலத்தில் வருவதால்தான் பாதிப் பேர் படிக்காமலே தட்டுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். 2023-இல் வந்த நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அனுமதி கேட்கிற அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது. கொடுத்த அனுமதியை, கொடுத்த அளவுக்கு எளிதாகத் திரும்பப் பெறவும் உரிமை தருகிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன, முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். போன் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பெயரைத் தொட்டு, தொடர்புகள், இருப்பிடம், மைக் மூன்றையும் இன்றைக்கே அணைத்துவிடுங்கள். சுகர் கணக்கு எப்போதும்போல ஓடும்.