ரைஸ் மில்லுக்கு ஆள் எடுக்கிறதும் தீபாவளி போனஸும்

மன்னார்குடி பக்கத்துலேர்ந்து ஒரு ரைஸ் மில் ஓனர் கேட்டிருக்காரு: "மில்லுல 14 பேரு வேலை பாக்குறாங்க. தெரிஞ்சவங்க சொன்னாங்கன்னு ஆள் சேத்தா பாதிப்பேரு சீசன்லயே வேலையை விட்டு நின்னுடுறாங்க. போனஸ் எல்லாருக்கும் ஒரே மாதிரி குடுத்தா நல்லா உழைக்கிறவன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குறான், கூடக்கொறைய குடுத்தா சண்டை. யாரு எப்புடி வேலை பாக்குறாங்கன்னு எதை வச்சு முடிவு பண்றது?"

சார், சண்டை தொகையால வரல, எதை வச்சுக் குடுத்தீங்கன்னு யாருக்கும் தெரியாததால வருது. தீபாவளி எப்ப வருது பாருங்க, குறுவை அறுப்பை ஒட்டி. அப்ப உங்க மனசுல நிக்கிறது அந்த ரெண்டு மாசம் யாரு லீவு போட்டான், யாரு ராத்திரி நின்னாங்கிறது மட்டும்தான், தை மாசிலயே சம்பா வரத்துக்கு ராப்பகலா கிடந்தவனை மறந்தே போயிருப்பீங்க. இன்னொன்னு, காலைல முதல் ஆளா வந்து வணக்கம் வைக்கிறவன் எல்லாத்துலயும் கெட்டிக்காரனாத் தெரிவான். தார்ண்டைக்னு ஒரு அமெரிக்க உளவியல் அறிஞர், ராணுவ அதிகாரிங்க தங்களுக்குக் கீழ உள்ளவங்களுக்குப் போட்ட மார்க்கை எல்லாம் ஆராய்ஞ்சு 1920லயே இதைக் காட்டிட்டாரு, ஒரு விஷயத்துல நல்ல பேரு வாங்கிட்டா சம்பந்தமே இல்லாத விஷயத்துக்கும் மார்க் ஏறிடுது.

அதனால ஒரு நோட்டு போடுங்க, ஆளுக்கு ரெண்டு பக்கம். "நல்ல பையன்"னு எழுதாதீங்க, "எலிவேட்டர் பெல்ட் அறுந்தப்ப உடனே மெஷினை நிறுத்துனான்"னு தேதியோட எழுதுங்க. மாசம் ஒருதரம் தனியா கூப்பிட்டு அதைப் படிச்சுக் காட்டுங்க, திட்டுறதா இருந்தாலும் அப்பவே சொல்லிடுங்க, தீபாவளி வரைக்கும் சேத்து வைக்காதீங்க.

எதை அளக்குறீங்கங்கிறதுலயும் நியாயம் வேணும். நெல்லு காய வைக்கிற டிரையர் ஆபரேட்டரையே எடுத்துக்குங்க. அவிச்ச நெல்லோட ஈரத்தை ஒரே மூச்சா 14 சதவீதத்துக்கு இறக்கினா அரிசி உள்ளுக்குள்ள வெடிச்சு குருணை ஏறும், 17, 18ல நிறுத்தி சில மணி நேரம் ஆறப்போட்டு மறுபடி ஓட்டணும். அப்புடி ஓட்டுறானாங்கிறது அவன் கையில இருக்கு, அதுக்கு மார்க் போடலாம். ஆனா அவிக்காம பச்சரிசிக்கு ஓட்டுறப்ப, வயல்லயே ரொம்பக் காஞ்சு, மழைல நனைஞ்சு வந்த நெல்லுன்னா அவன் என்ன பண்ணாலும் குருணை விழத்தான் செய்யும், அந்த லாட்டை அவன் கணக்குல ஏத்துறது பாவம். லாட் உள்ள வரும்போதே ஈரப்பதத்தையும் நெல்லோட நிலையையும் எழுதி வச்சா இந்தத் தகராறே இருக்காது.

ஆள் எடுக்குறப்ப, தெரிஞ்சவங்க சொல்லி வரட்டும், தப்பில்ல, ஆனா பேசிப் பாத்து எடுக்காதீங்க, வேலை குடுத்துப் பாருங்க. மூணு சாக்குலேர்ந்து ஆளுக்கு ஒரு பிடி நெல்லு குடுத்து, கடிச்சுப் பாத்து ஈரம் எவ்வளவுன்னு சொல்லச் சொல்லி மீட்டர்ல சரி பாருங்க. புதுசா வர்ற பையன்னா ரெண்டு நாள் கூலி குடுத்து கூடவே நிக்க வைங்க. ராத்திரி ஷிப்ட், தூசி, மூட்டை எல்லாத்தையும் முதல்லயே காட்டிடுங்க, பாதி சீசன்ல ஓடுறவன் பெரும்பாலும் இது தெரியாம வந்தவன்தான்.

பழக்குறதுக்கு ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அமெரிக்கத் தொழிற்சாலைகள்ல கொண்டு வந்த முறை இன்னைக்கும் நல்லாவே வேலை செய்யுது. முதல்ல அவனுக்கு என்ன தெரியும்னு கேளுங்க, செஞ்சு காட்டுங்க, அவனைச் செய்யச் சொல்லுங்க, செய்றப்பவே ஏன் செய்றான்னு வாயால சொல்லணும், அப்புறம் அடிக்கடி போய்ப் பாருங்க. பெரிய மிஷின் விஷயத்துக்கு தஞ்சாவூர்லயே நிஃப்டெம்னு மத்திய அரசோட உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கு, 1967ல ரைஸ் மில் வளாகத்துல ஒரு ஆராய்ச்சிக் கூடமா ஆரம்பிச்சது, அங்க பயிற்சி பத்தி விசாரிங்க.

போனஸை ரெண்டாப் பிரிச்சிடுங்க. தீபாவளிக்குக் குடுக்குறது எல்லாருக்கும் ஒரே சதவீதம், அதுல மார்க் வேண்டாம், சட்டப்படி உள்ள குறைஞ்சபட்ச போனஸ் 8.33 சதவீதம் உங்க மில்லுக்குப் பொருந்துமான்னு ஆடிட்டர்ட்ட கேட்டுக்குங்க. நோட்டைப் பாத்துக் குடுக்குற இன்சென்டிவ்வை சம்பா அரவை ஓஞ்சதும் சித்திரைல தனியா குடுங்க, எதுக்கு எவ்வளவுங்கிற கணக்கை பொங்கலுக்கு முன்னாடியே எல்லாரையும் உக்கார வச்சு சொல்லிடுங்க.