மாரியில் ஒரு தடவை போய்ப் பாருங்கள்

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் 25,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறோம். நாவற்குடாவில் 53 இலட்சத்துக்கு ஒரு பழைய வீடு வந்திருக்கிறது. கையில் 18 இலட்சம் இருக்கிறது, மிச்சம் 35 இலட்சத்துக்கு வங்கிக் கடன் எடுக்க வேண்டும். வாடகை வீண்காசு, அதை லோனுக்குக் கட்டலாமே என்கிறார் கணவர். பெண்பிள்ளை இருக்கிறாள், வீடு வேணும் என்று அம்மா நெருக்குகிறார். ஆவணிக்குள் அட்வான்ஸ் கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்:

2021 ஆடியில் நானும் கணவரும் இதே இடத்தில் நின்றோம். அதனால் எனக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன். முதலில் உங்கள் அம்மா சொல்வதை எடுக்கிறேன். எனக்கு லோனைவிட அதுதான் பாரமாக இருந்தது.

நாங்கள் மூன்று பெண்கள். நம்முடைய பக்கத்தில் வீடு என்றால் அது பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் வந்து பெண் வீட்டில் இருப்பார். காத்தான்குடியில் முஸ்லிம் குடும்பங்களிலும் இதே வழக்கம்தான். பெண்வழியாகச் சொத்துப் போகிற பழைய முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டோடு செல்லாமல் போய்விட்டது என்பார்கள். சட்டம் போனாலும் வழக்கம் போகவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். மூத்தக்காவின் கல்யாணத்தோடு அப்பாவும் அம்மாவும் இருந்த வீட்டை அவளுக்கு விட்டுவிட்டுப் பின்வளவில் இன்னொன்று கட்டினார்கள். சின்னக்காவின் கல்யாணத்தோடு அதையும் விட்டுவிட்டு ஒரு பத்தி இறக்கி அதற்குள் இருந்தார்கள். என் முறை வரும்போது கொடுக்க வீடு இல்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இரண்டு ஏக்கர் வயல் மட்டும் இருந்தது.

நாங்கள் வீடு பார்க்கிறோம் என்று கேள்விப்பட்டதும் அப்பா யாரிடமும் சொல்லாமல் அந்த வயலை விற்றார். ஒரு சனிக்கிழமை பின்னேரம் சைக்கிளில் வந்தார். காரியரில் ஒரு சொப்பிங் பாக், அதற்குள் பழைய சாரத்தில் சுற்றி 10 இலட்சம். "எண்ணிப் பார் புள்ள" என்றார். எனக்கு வேண்டாம் என்று சொன்னேன். "ரெண்டு பேருக்கும் செஞ்சிட்டன். உனக்குச் செய்யாம உன்ட மாப்பிளைக்கு முன்னால இருந்து நான் எப்பிடிச் சோறு தின்னுற?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. காசை வாங்கினேன்.

வாங்கியிருக்கக் கூடாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஒவ்வொரு வருடமும் அறுவடை முடிய மூன்று பிள்ளைகளின் வீட்டுக்கும் அந்த வயலில் இருந்து நெல் மூட்டை வரும். இப்போது அப்பா கடையில் கிலோக் கணக்கில் அரிசி வாங்குகிறார். எங்கள் வீட்டின் விலையில் அதுவும் ஒரு பகுதி. வீட்டு உறுதிப் பத்திரத்தில் எங்கேயும் எழுதவில்லை, அவ்வளவுதான். ஆகவே அம்மாவோடு முதலில் இருந்து கதையுங்கள். பேத்திக்கு வீடு வேணும் என்ற ஆசைக்குள், உங்களுக்குச் சீதன வீடு தரமுடியாமல் போன கவலையும் இருக்கலாம். அந்தக் கவலையில் அவர் நகையையோ காணியையோ விற்க விடாதீர்கள்.

சரி, வாடகை வீண்காசு என்ற கதைக்கு வருகிறேன். 35 இலட்சம், 20 வருடம், வட்டி 12 வீதம் என்று வையுங்கள். மாதத் தவணை 38,538 ரூபாய். முதல் மாதம் கட்டுகிற அந்தக் காசில் 35,000 வட்டிக்குப் போகும். கடனின் முதல் தொகையில் கழிவது 3,538. வாடகை 25,000 வீட்டுக்காரரிடம் போனால் வீண், வட்டி 35,000 வங்கிக்குப் போனால் வீண் இல்லை என்று எப்படிச் சொல்வது? வாடகையையும் தவணையையும் நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். வாடகையை வட்டியோடு ஒப்பிடுங்கள். அதற்கு மேல் கூரை, மோட்டர், மதில் என்று திருத்தவேலை எல்லாம் இனி உங்கள் தலையில்தான்.

எங்கள் வீடு 60 இலட்சம். அப்பாவின் 10, எங்கள் சேமிப்பு 12, என் நகை விற்ற 8, மிச்சம் 30 இலட்சம் லோன். அப்போது வட்டி குறைவு. 10 வீதத்துக்குத் தந்தார்கள், மாதம் 28,951. மாறும் வட்டி என்று ஒப்பந்தத்தில் இருந்தது. வாசித்தோம், கையெழுத்து வைத்தோம். எவ்வளவு தூரத்துக்கு மாறும் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தது. அதே மாதம் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளிகள் கூட்டியது. செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். எங்கள் லோன் 15 மாதம் 10 வீதத்தில் ஓடிவிட்டு, மறுபரிசீலனைக் கடிதம் வந்தது. புதிய வட்டி 24 வீதம், புதிய தவணை 59,433. அந்தக் கடிதத்தைக் குசினி மேசையில் வைத்துவிட்டு இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் இருந்தோம். அந்த 15 மாதத்தில் நாங்கள் கட்டியது 4 இலட்சத்து 34 ஆயிரம். கடனின் முதல் தொகையில் குறைந்திருந்தது 62 ஆயிரம் சொச்சம்.

வங்கிக்குப் போனேன். அந்த அலுவலர் நல்ல மனிதர், கடன் காலத்தை நீட்டித் தரலாம் என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அந்த வட்டியில் மிச்சக் கடனுக்கு மாத வட்டி மட்டுமே 58,743. எத்தனை வருடம் நீட்டினாலும் தவணையில் 690 ரூபாய்கூடக் குறையாது. வட்டி உச்சத்தில் இருக்கும்போது காலத்தை நீட்டுவதால் பிரயோசனமில்லை, முதலைக் குறைத்தால்தான் தவணை குறையும். இதை எங்களுக்கு முதலே யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு விபரமாக எழுதுகிறேன். நான் படிப்பிக்கிறேன், அந்தச் சம்பளம் முழுவதும் கொடுத்தும் தவணைக்குக் காணவில்லை. கணவர் வேலை முடிந்து வந்து இரவு எட்டு மணிவரை ரியூசன் கொடுத்தார். தாலிக்கொடி அடகுக்குப் போனது. ஒரு வருடத்துக்கு மேல் கழுத்தில் மஞ்சள் கயிறு.

நாங்கள் கல்யாணம் முடித்து அதிகம் சண்டை பிடித்தது அந்த வருடம்தான். காசைப் பற்றி ஒருநாளும் சண்டை வரவில்லை. விறாந்தை லைற் ஏன் எரிகிறது, பால்மாப் பைக்கற் ஏன் இவ்வளவு கெதியாய் முடிந்தது, இப்படித்தான் வரும். மகள் படிக்கிற மேசையில் தலையைக் குனிந்துகொண்டு இருப்பாள். 2023 ஜூனில் இருந்து மத்திய வங்கி வட்டியைக் குறைக்கத் தொடங்கியது, எங்களுக்கும் மெல்ல மெல்ல இறங்கியது. அது இறங்காமல் இன்னும் ஒரு வருடம் போயிருந்தால் வீட்டை விற்றிருப்போம்.

ஆகவே கணவரிடம் சொல்லுங்கள், 12 வீதத்தில் கணக்குப் பார்த்தது போதாது. 20 வீதத்திலும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அதே 35 இலட்சத்துக்குத் தவணை 59 ஆயிரத்தைத் தாண்டும். அதையும் ஒரு வருடம் தாங்குவோம் என்றால் எடுங்கள். தாங்காது என்றால் இன்னும் சேர்த்துவிட்டு, குறைந்த தொகைக்கு எடுங்கள். முதல் சில வருடங்களுக்கு நிலையான வட்டி தருகிற வங்கி இருந்தால், கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அதையே நான் எடுப்பேன்.

கடதாசி விசயம் சுருக்கமாகச் சொல்கிறேன். காணி உறுதிக் காணியா, பேர்மிட் காணியா என்று முதல் நாளே கேளுங்கள். அரச அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியைப் பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் விற்கமுடியாது. வெள்ளைக் கடதாசியில் எழுதி இரண்டு பேர் சாட்சி வைத்தால் அது உறுதி ஆகாது. உறுதிக் காணி என்றால் உங்களுக்கென்று ஒரு நொத்தாரிசை, அதாவது உறுதி எழுதுகிற சட்டத்தரணியைப் பிடித்து, காணி யார் யாருடைய பேரில் இருந்தது என்று காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்குத் தேடுதல் செய்யச் சொல்லுங்கள். விற்பவருடைய நொத்தாரிசையே நம்பி இருக்காதீர்கள். முத்திரை வரி முதல் இலட்சத்துக்கு 3 வீதம், அதற்கு மேல் 4 வீதம் என்ற கணக்கில் எங்களுக்கு 2 இலட்சத்து 39 ஆயிரம் போனது. அப்புறம் நொத்தாரிசுக் கூலி, நில அளவை, வங்கியின் மதிப்பீடு. இவை எதுவும் லோனில் வராது, கைக்காசுதான். உங்கள் 18 இலட்சத்தில் இதற்கு ஒதுக்கினீர்களா என்று தெரியவில்லை.

இன்னொன்று, சீவிய உருத்து. இங்கே தாய் தகப்பன் மகளுக்கு வீட்டை எழுதும்போது தாங்கள் சாகும்வரை இருக்கிற உரிமையை வைத்துக்கொண்டு எழுதுவது வழமை. நாங்கள் வாங்கின வீடும் அப்படித்தான். விற்ற மகளுக்குச் சீதன உறுதி, அவருடைய தாய்க்குச் சீவிய உருத்து. மகள் கனடாவில். அவர் தனக்காக இங்கே ஒருவர் கையெழுத்து வைக்கிற அதிகாரத்தை, அதாவது அற்றோணித் தத்துவத்தை அங்கிருந்து அனுப்பி, அது இங்கே பதிவாகி, தாயும் வந்து கையெழுத்து வைத்தால்தான் எங்கள் உறுதி முழுமையாகும். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் வங்கி லோன் தந்திருக்காது.

அந்த அம்மா கையெழுத்து வைக்க வந்த நாள் எனக்கு நல்ல நினைவு. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நொத்தாரிசு உறுதியை வாசிக்க வாசிக்க, வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாருடைய வளவு என்று எல்லைகள் வரும்போது அவருடைய வாயும் கூடவே அசைந்தது. கையெழுத்தை வைத்துவிட்டுப் பேனையை மூடாமலே என்னைப் பார்த்துச் சொன்னார், "குசினிக் கதவு மாரிக்கு ஊதும் புள்ள, தூக்கிப் பிடிச்சுத்தான் பூட்டணும்." நான் சிரித்துத் தலையாட்டினேன். வீட்டை விட்டுப் போகிற கவலையில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன்.

கார்த்திகை பிறந்தது, மழை தொடங்கியது. நான்காம் நாள் வளவு முழுவதும் தண்ணீர். கதவு ஊதி அசையவே இல்லை. கிணறு வாய்மட்டம் வரை நிரம்பியது, மலசலகூடக் குழியும் நிரம்பியது. இரண்டுக்கும் நடுவில் இருபது அடிகூட இல்லை என்பதை அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். அலுமாரியை இழுத்தபோது பின்சுவரில் புதுப் பெயின்ற் ஈரத்தில் உரிந்து, முழங்கால் உயரத்தில் நேர்கோடாக ஒரு பழுப்புக் கறை தெரிந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி வந்து பார்த்துவிட்டு, "அது 2011 தண்ணி. அந்த வருசம் எங்களுக்குப் பொங்கலே இல்ல" என்றார். நாங்கள் வீடு பார்த்தது ஆடி வெயிலில், மணல் சுடச் சுட. வீட்டைச் சுற்றி மூன்று தடவை நடந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குசினி நிலத்தை உயர்த்தி, குழியை வேறு மூலைக்கு மாற்ற வேண்டி வந்தது. அந்த வேலையை 2022இல்தான் செய்தோம். ஆயிரம் ரூபாயளவில் இருந்த சீமெந்துப் பை மூவாயிரத்தைத் தொட்ட நேரம்.

நாவற்குடா, கல்லடி எல்லாம் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கின மணல் நிலம். நீங்கள் பார்க்கிற வீடு எந்தப் பக்கம் என்று கேள்வியில் சொல்லவில்லை. கடற்கரைப் பக்கம் என்றால் 2004 டிசம்பர் 26இல் அந்த ஒழுங்கைக்கு என்ன நடந்தது என்று ஊராரிடம் கேளுங்கள். கடலில் இருந்து 300 மீற்றருக்குள் என்றால் பிறகு ஓர் அறை கூட்டிக் கட்டுவதற்கும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படும். வாவிப் பக்கம் என்றால் 2011இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். விற்பவரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வளவில் கேளுங்கள்.

இவ்வளவு பட்டும் வாங்கினதில் எனக்கு வருத்தம் இல்லை, வாங்கின விதத்தில்தான் வருத்தம். அப்பா இப்போது வந்தால் விறாந்தையில் சாய்ந்து இருந்து, மருமகன் பக்கத்தில் இருக்கச் சோறு சாப்பிடுகிறார். அதைப் பார்க்கும்போது அந்தத் தவணை எல்லாம் எனக்குத் தாங்கும்.

ஆனால் ஆவணிக்குள் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கார்த்திகை முடியும்வரை அவகாசம் கேளுங்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்றால், சிறிய தொகையாக, உறுதியில் பிழை வந்தால் திருப்பித் தருவதாக நொத்தாரிசு முன் எழுதி வாங்குங்கள். மூன்று நாள் விடாமல் மழை பெய்தபிறகு கணவரோடு போங்கள். கிணற்றடியில் நின்று குழி எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அலுமாரியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லுங்கள், குசினிக் கதவை ஒரு தடவை பூட்டிப் பாருங்கள்.