ரூத் யாருக்குக் கீழ்ப்படிந்தாள்?

கேள்வி: எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் ‘வேதாகமப் பெண்களின் விசுவாசம்’ பற்றிப் பேசப்போகிறேன். சாராளின் கீழ்ப்படிதல், அன்னாளின் பொறுமை, ரூத்தின் மாமியார் பக்தி என்று மூன்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். சொத்து, பங்கு என்று அண்ணன் தம்பிகளோடு மல்லுக்கு நிற்கும் இந்தக் காலத்துப் பெண்பிள்ளைகளுக்குப் புத்தி வரும்படி எப்படிப் பேசலாம்? முடிவில் ஒரு சிறு நாடகம் போடலாமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: சகோதரி, தலைப்புக் கொடுத்தவர்கள் இந்த மூன்று பேரின் கதையையும் கடைசிவரை வாசித்தார்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

ரூத்தையே எடுத்துக்கொள்வோம். பெத்லகேமுக்குத் திரும்பும் வழியில் மாமியார் நகோமி, விதவைகளான இரண்டு மருமகள்களையும் தாய்வீட்டுக்குப் போகச் சொல்கிறாள். ஒரு தரம் அல்ல, திரும்பத் திரும்ப. மாமியார் சொல்லைத் தட்டாதவள் ஒர்பாள்தான்; அழுதாள், முத்தமிட்டாள், சொன்னபடி போய்விட்டாள். கேட்க மாட்டேன் என்று நின்றவள் ரூத். புத்தகம் அவள் பேரில்தான் இருக்கிறது. அப்புறம் அந்தக் களத்து இராத்திரி. புருஷன்வழி உறவினனான போவாஸ் படுத்திருக்கும் இடத்துக்குப் போ, நீ செய்யவேண்டியதை அவன் சொல்லுவான் என்று நகோமி அனுப்புகிறாள். நடந்தது என்ன? நடுராத்திரியில் திடுக்கிட்டு எழுந்த போவாஸ் ‘நீ யார்’ என்கிறான். பேரைச் சொன்ன கையோடு, அவன் செய்யவேண்டியதை இவளே சொல்லிவிடுகிறாள்: போர்வையை என்மேல் விரியும், என்னை மீட்கும் உரிமை (இறந்த உறவினனின் விதவையை மணந்து ஆதரிக்கும் உரிமை) உமக்கு உண்டு. நகோமிமேல் அவளுக்கு இருந்த பாசத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ‘மாமியார் பக்தி’ என்ற தலைப்பில் அவளை எப்படி அடைக்கப் போகிறீர்கள்?

அன்னாளும் அப்படித்தான். சீலோ ஆலயத்தில் பிள்ளை வரம் கேட்டு அவள் உதடு மட்டும் அசைய ஜெபிப்பதைப் பார்த்த ஆசாரியன் ஏலி, குடித்திருக்கிறாள் என்று நினைத்து அதட்டுகிறான். பொறுமைசாலி என்றால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அவளோ, ஐயா, நான் குடிக்கவில்லை, மனம் நொந்து என் இருதயத்தை ஆண்டவரிடம் ஊற்றினேன், என்னைக் கெட்டவளாக எண்ணாதேயும் என்று நேருக்கு நேர் சொல்கிறாள். ஏலி அந்த இடத்திலேயே பேச்சை மாற்றி, சமாதானத்தோடே போ என்கிறான். (ஜெபம்பண்ணுகிறவளைக் குடிகாரி என்ற இதே மனிதரின் பிள்ளைகள், ஓப்னியும் பினெகாசும், பலியிட வந்தவர்களின் பானையில் வேலைக்காரனை விட்டு முள்கரண்டியால் இறைச்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அவர் அடக்கவில்லை.)

சாராளைப் பற்றி அதிகம் வேண்டாம். ஆபிரகாமை ‘ஆண்டவன்’ என்றாள் என்று பேதுரு எழுதியதை எல்லாரும் சொல்வார்கள். சாராள் சொல்வதையெல்லாம் கேள் என்று ஆபிரகாமுக்கு வந்த கட்டளை ஆதியாகமம் 21-இல் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. அவள் சொன்னது அடிமைப்பெண் ஆகாரைத் துரத்தச் சொல்லி. எனக்குப் பிடித்த அதிகாரம் அல்ல. ஆனாலும் அங்கே கீழ்ப்படிந்தது யார்?

சரி, சொத்து விஷயம். உங்கள் கேள்வியின் உயிர் அதில்தான் இருக்கிறது. எண்ணாகமம் 27-ஐத் திறவுங்கள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். செலொப்பியாத்தின் பெண்மக்கள் ஐந்து பேர். தகப்பன் வனாந்தரத்தில் செத்துப்போனார், ஆண்பிள்ளை இல்லை. ஆசரிப்புக் கூடார வாசலில் மோசே, ஆசாரியன் எலெயாசார், பிரபுக்கள், சபையார் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்று, மகன் இல்லை என்பதற்காக எங்கள் தகப்பன் பேர் அற்றுப்போவானேன், எங்களுக்கும் பங்கு கொடுங்கள் என்கிறார்கள். அப்போது இஸ்ரவேலர் யோர்தானைத் தாண்டவே இல்லை. கானானில் ஒரு சாண் நிலம் கையில் கிடையாது. முந்தின தலைமுறை அந்த நாட்டின் பேரைக் கேட்டே பயந்து எகிப்துக்குத் திரும்பப் பார்த்தது. கண்ணால் காணாத நிலத்தில் பங்கு கேட்கிறவர்கள், அந்த நிலம் நிச்சயம் வரும் என்று நம்பினவர்கள். விசுவாசம் என்று நீங்கள் தேடுவது இங்கே இருக்கிறது.

மோசே தானாகத் தீர்ப்புச் சொல்லவில்லை, ஆண்டவரிடம் கொண்டுபோனார். அவர்கள் சொல்வது சரிதான் என்று பதில் வந்தது. ஆண்மகன் இருந்தால் பெண்ணுக்குப் பங்கு இல்லை என்ற வரம்பு அதிலும் இருந்தது, மறைக்க வேண்டாம். 36-ஆம் அதிகாரத்தில் அவர்கள் வம்சத்துப் பெரியவர்கள் வந்து, நிலம் வேறு கோத்திரத்துக்குப் போய்விடும் என்று முறையிட்டார்கள். சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே கலியாணம் என்று நிபந்தனை விழுந்தது. அதையும் ஏற்றார்கள். மோசே போன பிறகு, நிலம் பிரிக்கிற நாளில், யோசுவாவிடம் போய் மறுபடியும் கேட்டுத்தான் வாங்கினார்கள் (யோசுவா 17).

உங்கள் ஊரும் ஒரு காலத்தில் திருவிதாங்கூர்தானே. அங்கே 1916-இல் வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்குக் கிடைப்பது மகன் பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய். எது குறைவோ அது. ஸ்ரீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. கோட்டயத்துப் பள்ளி ஆசிரியை மேரி ராய் வழக்குப் போட்டு, 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1-லிருந்தே செல்லாது என்றது. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் இன்று மகனுக்கும் மகளுக்கும் சரி பங்கு. அதை வாங்குகிற தங்கச்சியை ‘மல்லுக்கு நிற்கிறவள்’ என்கிறோம். விடுதலைப் பத்திரத்தோடு அவள் வீட்டு வாசலில் நிற்கிற அண்ணனுக்கு நம்மிடம் பேரே இல்லை. பிரியப்பட்டு விட்டுக்கொடுக்கிறவள் கொடுக்கட்டும், அது அவள் விருப்பம். அதைப் பிரசங்கம் செய்து கறக்காதீர்கள்.

நாடகம் தாராளமாகப் போடுங்கள். ஐந்து பெண்களுக்கும் வசனம் இருக்கட்டும். மோசே வேஷத்துக்கு உங்கள் போதகரையே கூப்பிடலாம். மனப்பாடம் செய்ய அதிகம் இல்லை, ‘ஆண்டவரிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்றால் போதும்.