பாலாற்றுத் தோல் கழிவு வழக்கு: கேள்வி பதில்

ஆம்பூர் பக்கத்து விவசாயி: சார், 1996லயே ஜெயிச்சாச்சுன்னு சொல்றாங்க. எங்க கிணத்துத் தண்ணிய இன்னும் மாடுகூடக் குடிக்கல. நஷ்டஈடு எங்கே?

ஜெயித்தது உண்மைதான் ஐயா. 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, தோல் தொழிற்சாலைகள் பாலாற்றில் கழிவு விட்டதை எதிர்த்து நடந்த உங்கள் மாவட்டத்து வழக்கில்தான். ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். நஷ்டஈட்டைக் கணக்கிட அமைந்த ஆணையம் 2001 மார்ச்சிலும் 2009 ஆகஸ்ட்டிலும் தொகையை முடிவு செய்தது. அதற்குப் பிறகும் பணம் வராதவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் கொடுமை.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, விடுபட்டவர்களுக்கு அரசு ஆறு வாரத்தில் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதைத் தொழிற்சாலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டது. நஷ்டஈட்டுப் பட்டியலில் உங்கள் நிலத்தின் சர்வே எண் இருக்கிறதா என்று கலெக்டர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். வாய்ச்சொல் பதிலோடு திரும்பி வராதீர்கள்.

வாணியம்பாடி வாசகி: பணத்தைக் கட்டிட்டா அவங்க பொறுப்பு முடிஞ்சுதா?

இல்லம்மா. கெட்ட நிலமும் நீரும் சீராகும்வரை பொறுப்பு தொடரும் என்று அதே 2025 தீர்ப்பு சொல்கிறது.

பேரணாம்பட்டு இளைஞர்: இந்த டேனரிதான் கெடுத்துச்சுன்னு நான் எப்படிண்ணே நிரூபிக்கிறது?

தன் தொழிலால் கேடில்லை என்று காட்ட வேண்டியவர் தொழிற்சாலைக்காரர்தான், தம்பி. 1996 தீர்ப்பிலேயே இது இருக்கிறது. ஆனாலும் குரோமியம், உப்பு அளவுக்கான நீர்ப் பரிசோதனை அறிக்கை, தேதியோடு படங்கள், புகார் கொடுத்த ரசீது எல்லாம் கையில் இருக்கட்டும். நஷ்டஈடு கேட்டு, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போவதானால், வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுதான் கெடு. தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கலாம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். சென்னையில் அந்தத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

ராணிப்பேட்டை தொழிலாளி: கம்பெனிய மூடிட்டா எங்க சோத்துக்கு வழி?

உங்கள் பயம் நியாயமானது. மூடுவது மட்டுமே தீர்ப்பு அல்ல. சுத்திகரிப்பு நிலையம் அமைத்து அனுமதி வாங்கினால் ஓட்டலாம் என்றுதான் 1996லும் சொன்னார்கள். அந்தச் செலவை மிச்சம் பிடித்தால் முதல் அடி தொழிலாளிக்கு. 2015 ஜனவரி 31 அன்று உங்கள் சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் இறந்தார்களே, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்கள். சங்கக் கூட்டத்தில் சம்பளத்தோடு சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வறிக்கையையும் கேளுங்கள்.