28.9 புள்ளி எடுத்த பையனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று?

சார், உங்கள் மின்னஞ்சலைப் படித்தேன். மகனுக்குப் பதினேழு வயது, அமெரிக்காவில் டல்லாஸ் பக்கத்தில் பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறான். ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் வீட்டுக்கே வந்து காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் இரண்டு கட்சி. பந்து சோறு போடுமா என்று நீங்கள், என்.பி.ஏ. என்ற தொழில்முறை லீக்குக்கே போவேன் என்று அவன். என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒருவருடைய வேலை வரலாற்றைச் சொல்கிறேன். உங்கள் மகனுக்கு அந்தப் பெயர் கட்டாயம் தெரிந்திருக்கும்: ஜிம்மர் ஃப்ரெடெட்.

நியூயார்க் மாநிலத்தில் க்ளென்ஸ் ஃபால்ஸ் என்ற சிற்றூர்க்காரர். பள்ளியில் படிக்கும்போதே அவருடைய அண்ணன், 'என்.பி.ஏ.வில் ஆடத் தேவையான உழைப்பைத் தருவேன்' என்று ஒரு காகிதத்தில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் நான்காவது ஆண்டு, அதாவது 2010-11 பருவத்தில், ஆட்டத்துக்குச் சராசரி 28.9 புள்ளி. அந்த ஆண்டு கல்லூரிகளில் அவரைவிட அதிகம் எடுத்தவர் கிடையாது. ஆண்டின் சிறந்த வீரர் விருதுகளும் அவருக்கே. 2011 டிராஃப்டில், அதாவது என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், பத்தாவது ஆளாக எடுக்கப்பட்டு, அன்று இரவே சேக்ரமென்டோ கிங்ஸ் அணிக்குக் கைமாறினார். காகிதத்தில் எழுதியது பலித்துவிட்டது.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. கல்லூரியில் பந்து எப்போதும் அவர் கையில். அவர் எறிவதற்காகவே மற்ற நால்வரும் ஓடினார்கள். தொழில்முறை அணியில் அப்படி ஆட ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். புதுப்பையனிடம் எதிர்பார்த்தது வேறு: தன்னைவிட வேகமான ஆளைத் தடுக்க வேண்டும், பந்து இல்லாமல் ஓட வேண்டும், கிடைக்கிற ஐந்து நிமிடத்தில் பிழையில்லாமல் ஆட வேண்டும். தூரத்திலிருந்து எறிவதில் அவர் அங்கேயும் மோசமில்லை. தடுப்பாட்டம்தான் உதைத்தது. போதாததற்கு, மூன்று பருவத்தில் மூன்று பயிற்சியாளர்கள் மாறினார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து தன்னை நிரூபிக்க வேண்டும். அலுவலகத்தில் மேனேஜர் மாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே டிராஃப்டில் கடைசி ஆளாக, அறுபதாவதாக, அதே அணி எடுத்தது ஐசயா தாமஸை. உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம்தான். சேக்ரமென்டோவில் ஃப்ரெடெட்டை முந்தி இடம் பிடித்தார். 2016-17இல் பாஸ்டன் அணிக்காக அவர் எடுத்த சராசரி எவ்வளவு தெரியுமா? அதே 28.9. ஃப்ரெடெட்டுக்கு அடுத்த இடத்தில் எடுக்கப்பட்டவர் க்ளே தாம்ஸன். பதினைந்தாவது கவாய் லெனர்ட். டிராஃப்ட் எண் முதல் சம்பளத்தைத் தீர்மானிக்கும். அதற்கு மேல் அதற்கு மரியாதை கிடையாது.

டிராஃப்டின் முதல் சுற்றில் எடுக்கப்படுபவருக்கு இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. மூன்றாவது, நான்காவது ஆண்டுகள் அணியின் விருப்பம். ஃப்ரெடெட்டின் நான்காவது ஆண்டை சேக்ரமென்டோ வேண்டாம் என்றது. அப்புறம் சிகாகோ, நியூ ஆர்லியன்ஸ், சான் அன்டோனியோ, நியூயார்க் என்று அலைச்சல். இடையில் கீழ்நிலை லீக்கிலும் ஆடினார். டி.வி.யில் பேசுகிறவர்கள் கதையை இந்த இடத்தில் முடித்துவிட்டு 'ஏமாற்றம்' என்று முத்திரை குத்துவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

2016இல் அவர் சீனாவின் ஷாங்காய் போனார், என்.பி.ஏ.வில் ஆடிய சீன வீரர் யாவ் மிங்கின் அணிக்கு. அப்போது சீன லீக்கில் வெளிநாட்டவருக்கு அணிக்கு ஓரிரு இடம்தான் இருந்தது. அந்த ஆளிடம் கேட்டது புள்ளி, புள்ளி, புள்ளி. அதாவது அவருக்கு நன்றாகத் தெரிந்த வேலை! 2017இல் ஒரே ஆட்டத்தில் 73 புள்ளி, அடுத்த ஆண்டு இன்னோர் ஆட்டத்தில் 75. சீன ரசிகர்கள் செல்லப்பெயரே வைத்தார்கள். நடுவில் கொஞ்ச நாள் என்.பி.ஏ.வின் ஃபீனிக்ஸ் அணி, பிறகு கிரீஸில் பனதினைகோஸ் அணி. அதன்பின் அரைக் களத்தில் ஒரே கூடையை வைத்து ஆடும் மூவர் ஆட்டத்துக்கு மாறி, முப்பத்தைந்து வயதில் அமெரிக்காவுக்காகப் பாரிஸ் ஒலிம்பிக்கில் இறங்கினார். அங்கே இரண்டாவது ஆட்டத்திலேயே காயம், அணியும் தேறவில்லை. 2025இல் ஓய்வை அறிவித்தார். அதே ஆண்டு அமெரிக்காவின் ஆண்கள் மூவர் அணியை நிர்வகிக்கும் பொறுப்பு வந்தது.

பதினான்கு ஆண்டு, மூன்று கண்டம், ஒரே திறமை. இதைத் தோல்வி என்றால் எங்கள் துறையில் பாதிப் பேருக்கு வேலையே இருக்காது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். டிராஃப்டில் ஆண்டுக்கு அறுபது பேர்வரைதான், அதிலும் பலர் வெளிநாட்டவர். கல்லூரி விளையாட்டில் முதல் பிரிவான மேல்நிலைப் பிரிவில் மட்டும் முந்நூற்றைம்பதுக்கு மேல் அணிகள். ஆகவே என்.பி.ஏ. என்பதை வேலைத் திட்டமாக எழுதாதீர்கள். ஆனால் கூடைப்பந்தால் வரும் படிப்பு கையில் இருக்கும் காசு. அதை உதறவும் வேண்டாம். முழு உதவித்தொகையா, பகுதியா, எத்தனை ஆண்டுக்கு, காயம் பட்டால் தொடருமா, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். வந்த கல்லூரி மூன்றாம் பிரிவைச் சேர்ந்ததென்றால் அங்கே விளையாட்டுக்கான உதவித்தொகையே கிடையாது. வேறு பெயரில்தான் உதவி வரும். காபி குடித்தவர் இதைச் சொன்னாரா?

மேல்நிலைப் பிரிவில் ஆட, பள்ளியின் 16 முக்கியப் பாடங்களில் நான்குக்குக் குறைந்தது 2.3 மதிப்பெண் சராசரி வேண்டும்; அதில் பத்துப் பாடங்களைக் கடைசி ஆண்டுக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். பள்ளி ஆலோசகர் அறைக்குப் போய் இந்த வாரமே சரிபாருங்கள். 2021 முதல் மாணவர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். மகன் அமெரிக்கக் குடிமகன் என்பதால் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்த வெளிநாட்டவருக்கு இதில் உள்ள தடை அவனுக்கு இல்லை. வருமானம் வந்தால் வரியும் வரும், அதையும் அவனே கணக்கெழுதட்டும். பயிற்சியாளரின் முகத்தை நம்பிக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அடுத்த ஆண்டு அவர் வேறு கல்லூரியில் இருக்கலாம். விளையாட்டே இல்லாவிட்டாலும் அந்தக் கல்லூரியில் படிப்பானா என்று அவனைக் கேளுங்கள். தயங்கினால் அது தவறான கல்லூரி.

தீர்ப்பு பாக்கி இருக்கிறது. அதற்கு அவன் ஆட்டத்தை நான் பார்க்க வேண்டும். கூடையில் போடுகிற காட்சிகளை வெட்டி ஒட்டிய வீடியோ வேண்டாம், அது எல்லாப் பையன்களிடமும் இருக்கிறது. தோற்ற ஆட்டம் ஒன்றை முழுதாக அனுப்பச் சொல்லுங்கள். பந்து கையில் இல்லாதபோது அவன் என்ன செய்கிறான் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.